ஹவுஸ் சர்ஜன் நாள் முதல் சொந்த கிளினிக் வரை: லிட்மன் கிளாசிக் 3 எத்தனை தூரம் கூட வரும்?

எம்.பி.பி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜனாக வார்டுக்குள் நுழைகிற சமயத்தில் வாங்கும் ஸ்டெத், மேற்படிப்பு, கல்யாணம், குழந்தைகள், சொந்த கிளினிக், பெற்றோரின் முதுமை என்று ஒரு மருத்துவரின் முப்பது வருடத்தையும் கூடவே இருந்து பார்க்கிற பொருள். எந்த மாடல் வாங்கலாம் என்று கேட்கும் ஜூனியர்களுக்கு சீனியர்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: கிளாசிக் 3. பதில் சரிதான். ஆனால் அந்த முப்பது வருடத்தில் தொழிலும் வீடும் பல முறை மாறும். ஒவ்வொரு திருப்பத்திலும் இந்த ஸ்டெத் எவ்வளவு உதவும், எங்கே போதாமல் போகும், எந்தப் பாகம் முதலில் கெடும் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

பிரான்ஸில் லெனெக் 1816-இல் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதில் தொடங்கிய கருவி இது. இரண்டு காதிலும் மாட்டும் வடிவம் 1850-களில் வந்தது. இன்று நம் கழுத்தில் கிடக்கும் இலேசான வடிவத்துக்குக் காரணம் டேவிட் லிட்மன் என்ற அமெரிக்க இதய மருத்துவர். நல்ல ஸ்டெத் எப்படி இருக்க வேண்டும் என்று 1961-இல் அவர் எழுதிய கட்டுரையில் சொன்னது எளிய விஷயம்: ட்யூப் குட்டையாக, காற்று கசியாததாக, எடை குறைவாக இருக்க வேண்டும். 1967-இல் த்ரீஎம் நிறுவனம் அவருடைய கம்பெனியை வாங்கியது. 2024-இல் த்ரீஎம்மின் மருத்துவப் பிரிவு சொல்வென்டம் என்ற பெயரில் பிரிந்தபோது லிட்மனும் அதோடு போனது. ஆகவே பழைய ஸ்டாக் பெட்டியில் ஒரு பெயரும் புதுப் பெட்டியில் இன்னொரு பெயரும் இருந்தால், அதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்ட வேண்டாம்.

கிளாசிக் 3-இன் எடை 150 கிராம். நீளம் 69 சென்டிமீட்டர். மார்பில் வைக்கும் தலைப்பகுதியான செஸ்ட்பீஸ் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பெரிய பக்க டயஃப்ரம் (ஒலியை வாங்கும் மெல்லிய தட்டு) 4.3 சென்டிமீட்டர், சின்னப் பக்கம் 3.3 சென்டிமீட்டர். இதற்கு முந்திய கிளாசிக் 2 எஸ்.ஈ.-யில் ஒரு பக்கம் டயஃப்ரமும் மறு பக்கம் தட்டில்லாத கிண்ணம் போன்ற திறந்த பெல்லும் இருந்தன. இதில் இரண்டு பக்கமும் டயஃப்ரம்தான், இரண்டுமே அழுத்தத்துக்கு ஏற்பச் சுருதி மாறுபவை. தோலில் சும்மா உட்கார வைத்தால் தாழ்ந்த ஒலி கேட்கும். அழுத்தினால் தாழ்ந்த ஒலி வடிந்து உயர்ந்த ஒலி தெளியும்.

படித்தால் எளிது. முதல் வருடத்தில் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். புத்தகத்தில் படித்த எஸ்3 (மூன்றாவது இதய ஒலி) கேட்கவில்லையே என்று செஸ்ட்பீஸை இன்னும் அழுத்துவார்கள், அழுத்த அழுத்த அது மறையும். எஸ்3, எஸ்4 (நான்காவது இதய ஒலி), மைட்ரல் ஸ்டெனோசிஸ் என்ற வால்வுச் சுருக்கத்தின் மர்மர் (ரத்தம் பாயும் இரைச்சல்) மூன்றும் தாழ்ந்த சுருதி. நோயாளியை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, துடிப்பு கையில் தட்டுகிற இடத்தில் செஸ்ட்பீஸை அதன் சொந்த எடையிலேயே விட்டு, மூச்சை வெளியே விடச் சொல்லிக் கேட்க வேண்டும். அயோர்ட்டிக் ரிகர்ஜிடேஷனுக்கு (அயோர்ட்டிக் வால்வுக் கசிவு) நிலையும் அழுத்தமும் நேரெதிர்: உட்கார்ந்து முன்னால் சாயச் சொல்லி, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி, மார்பெலும்பின் இடது ஓரத்தில் தோலில் தடம் பதியும் அளவுக்கு அழுத்த வேண்டும். இந்த வால்வுகளைக் கெடுக்கும் ருமாட்டிக் இதய நோய் இன்றும் அரசு மருத்துவமனை வார்டுகளில் இருக்கிறது. அதனால் இந்த இரண்டு அழுத்தங்களையும் ஹவுஸ் சர்ஜன் வருடத்திலேயே விரலுக்குப் பழக்கிவிட வேண்டும்.

பெல் பழகிய கைகளுக்கும் வழி இருக்கிறது. சின்னப் பக்க டயஃப்ரத்தைக் கழற்றிவிட்டு, பெட்டியோடு வரும் வளையத்தை மாட்டினால் அது திறந்த பெல்லாகிவிடும். கார்டியாலஜி போஸ்டிங் நடக்கும் மாதங்களில் அப்படி வைத்துக்கொள்வது நல்லது என்பதே இங்கே பரிந்துரை. பிறகு குழந்தைகள் வார்டுக்குப் போகும்போது டயஃப்ரத்தைத் திரும்ப மாட்டிவிடலாம். கழற்றிய டயஃப்ரத்தைக் கோட் பாக்கெட்டில் போட்டால் கீறல் விழும், தொலையவும் செய்யும். பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். திரும்ப மாட்டும்போது வளையத்தின் ஓரத்தை ஒரு இடத்தில் செஸ்ட்பீஸின் விளிம்பில் கொளுவி, அங்கிருந்து கட்டை விரலால் சுற்றிலும் உருட்டிக்கொண்டே போக வேண்டும். நேராக வைத்து அமுக்கினால் ஒரு ஓரம் மடிந்து உட்காரும். அந்த மடிப்பு வழியாகக் காற்று கசிந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்டெத்தும் மந்தமாகத்தான் கேட்கும்.

சின்னப் பக்கம் குழந்தைகளுக்கு மட்டும் என்று நினைப்பது இன்னொரு பரவலான தவறு. காசநோயிலும் புற்றுநோயிலும் உடல் வற்றிப்போனவர்களின் விலா எலும்புகள் மேடாகவும் இடைவெளிகள் பள்ளமாகவும் இருக்கும். 4.3 சென்டிமீட்டர் தட்டு இரண்டு விலா மேல் பாலம் போல உட்கார்ந்துவிடும், அடியில் காற்று புகுந்து மூச்சொலி குறைந்த மாதிரித் தெரியும். எஃப்யூஷன் (நுரையீரலைச் சுற்றி நீர்) என்று எழுதுவதற்கு முன் செஸ்ட்பீஸைத் திருப்பி 3.3 பக்கத்தால் ஒரு முறை கேளுங்கள். மார்பில் முடி அதிகமானால் அது டயஃப்ரத்தில் உரசி கிரெப்ஸ் (நுரையீரலின் நொறுநொறுப்புச் சத்தம்) போலவே கேட்கும். அந்த இடத்தைத் தண்ணீரால் நனைத்துவிட்டு வைத்தால் போதும். துணி மேல் வைத்துக் கேட்பது எந்த ஸ்டெத்தானாலும் வீண். தலைக்கு மேலே ஃபேன் சுற்றுகிற வார்டில், சந்தேகம் வந்த நோயாளிக்கு மட்டுமாவது ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்பதில் கூச்சப்பட வேண்டாம்.

இந்த மாடலின் உண்மையான பலவீனம் ட்யூபின் உரசல். ஒரே பாதை கொண்ட ஒற்றை ட்யூப்தான் வைத்திருக்கிறார்கள், அதனால் இரண்டு ட்யூபுகள் ஒன்றோடொன்று மோதும் தொல்லை இல்லை. ஆனாலும் கட்டில் கம்பியிலோ சேலையிலோ பட்டால் சரசரவென்று கேட்கும். செஸ்ட்பீஸை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்து, கட்டை விரலை விலக்கி வைத்தால் விரல் உரசும் சத்தமாவது நின்றுவிடும்.

எதுவுமே கேட்கவில்லை என்றால் பயப்படுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். செஸ்ட்பீஸ் தண்டில் உள்ள புள்ளி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் திறந்திருக்கும். விரல் நுனியால் மெல்லத் தட்டினால் எது திறந்த பக்கம் என்று காதே சொல்லிவிடும். அடுத்தது, காதில் நுழையும் இயர்டிப் மூக்கை நோக்கி முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் காதுத் துவாரத்தின் சுவரில் முட்டி அடைத்துக்கொள்ளும். மூன்றாவது, இயர்டிப் துளையில் காது மெழுகு. அதைக் கழற்றாமல் ஊசியால் குத்தினால் மெழுகு உள்ளே இறங்கிவிடும். கழற்றித் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

காதில் மாட்டும் உலோகப் பகுதியான ஹெட்செட் புதிதில் நெற்றிப்பொட்டு வலிக்கும் அளவுக்கு இறுக்கமாக இருக்கும். இரண்டு உலோகக் குழாய்களையும் இயர்டிப்புக்கு அருகே உள்ள வளைவில் பிடித்து, நேர்க்கோடாகும் வரை மெதுவாக விரித்தால் ஸ்பிரிங் தளரும். வருடக்கணக்கில் தளர்ந்துபோனால், குழாய்கள் ட்யூபுக்குள் நுழையும் இடத்தை ஒரு கையால் பிடித்து இரண்டும் தொடும் வரை அமுக்கினால் மறுபடி இறுகும். இயர்டிப்பின் அளவும் முக்கியம். சின்னக் காதில் பெரிய டிப் வலிக்கும், பெரிய காதில் சின்ன டிப் கசியும். கசிந்தால் முதலில் தொலைவது நமக்கு மிகவும் தேவையான தாழ்ந்த சுருதிதான்.

மேற்படிப்புக் கட்டத்தில் மருத்துவர்களின் பாதை பிரிகிறது, ஸ்டெத்தின் வேலையும் பிரிகிறது. மயக்க மருந்து நிபுணருக்குத் தினசரித் தேவை நோயாளியின் மூச்சுக்குழாயில் ட்யூப் போட்டதும் இரண்டு பக்கமும் காற்று போகிறதா என்று கேட்பது. இடது பக்கம் மந்தமாக இருந்தால் ட்யூப் வலது மூச்சுக்கிளைக்குள் இறங்கியிருக்கலாம், கொஞ்சம் பின்னுக்கு இழுத்துவிட்டு மறுபடி கேட்க வேண்டும். அந்த வேலைக்கு கிளாசிக் 3 தாராளம். மூக்கு வழியாகப் போட்ட குழாயில் காற்றைச் செலுத்தி வயிற்றில் சத்தம் கேட்கிறதா என்று பார்த்து நம்புவதற்கு எந்த ஸ்டெத்தும் உதவாது. குழாய் நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் வயிறு வரை வரும், எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். தோல், ரேடியாலஜி, பேத்தாலஜி பக்கம் போனவர்களுக்கு இது இனி வீட்டுப் பொருள். இதய மருத்துவம், தீவிர சிகிச்சை என்று போகிறவர்கள் அப்போது லிட்மனின் கார்டியாலஜி 4 வாங்கலாம். அதே நீளத்தில் 177 கிராம், தடித்த ட்யூப், ஒலி கூடுதல். ஹவுஸ் சர்ஜனாகவே அதை வாங்கித் தரும் அப்பா அம்மாக்களிடம் சொல்ல வேண்டியது: இரண்டு மடங்கு விலைக்கான வித்தியாசத்தைப் பிடிக்கக் காதுக்கு முதலில் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சிக்கு கிளாசிக் 3 போதும். வார்டில் கைமாறித் தொலையும் பொருள்களில் ஸ்டெத்துக்குத் தனி இடம் உண்டு என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் வருடங்களில் இதன் பெரும்பகுதி உழைப்பு பி.பி. பார்ப்பதில் போகும். முழங்கை மடிப்புக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே கஃப் முடிய வேண்டும். செஸ்ட்பீஸைக் கஃபுக்கு அடியில் செருகும் பழக்கம் எங்கும் இருக்கிறது, அது அளவைக் கெடுக்கும். முதலில் மணிக்கட்டு நாடியைப் பிடித்தபடி காற்றேற்றி, நாடி மறைந்த அளவுக்கு மேலே 30 வரை ஏற்றிவிட்டு, வினாடிக்கு இரண்டு மில்லிமீட்டர் வேகத்தில் இறக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் சில நோயாளிகளுக்குச் சத்தம் நடுவில் விட்டு மறுபடி வரும் இடைவெளியில் ஏமாந்து, 190-ஐ 150 என்று எழுதிவிடுவோம். இந்தச் சத்தங்களும் தாழ்ந்த சுருதியே, அதனால் இங்கேயும் அழுத்தம் கூடாது. நூறு பேருக்கு பி.பி. பார்க்கும் முகாமுக்குச் சில நூறு ரூபாய் உள்ளூர் ஸ்டெத் ஒன்றை எடுத்துப் போகலாம். அந்த வேலையை அது குறையில்லாமல் செய்யும், நல்லது தேயாமல் இருக்கும்.

கல்யாணம், குழந்தை என்று வரும்போது இந்தக் கருவியைப் பற்றி யாரும் சொல்லாத விஷயங்கள் தொடங்குகின்றன. வார்டில் இருந்த ஸ்டெத் வீட்டுக்குள் வரக்கூடாது. 2014-இல் வெளியான ஜெனீவா மருத்துவமனை ஆய்வில், ஒரு நோயாளியைப் பரிசோதித்த பிறகு டயஃப்ரத்தில் இருந்த கிருமிகள் மருத்துவரின் விரல் நுனிகளில் இருந்ததைவிடத்தான் குறைவு, கையின் மற்ற பகுதிகளில் இருந்ததைவிட அதிகம். கையைக் கழுவுகிற நாம் இதைக் கழுவுவதில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் நடுவில் 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் துடைப்பானால் துடைப்பதுதான் முறை. அப்படியும் வீட்டுக்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கணவனும் மனைவியும் மருத்துவர் என்றால் ட்யூப் நிறம் வேறு வேறாக வாங்குங்கள். கறுப்பு இரண்டு இருந்தால் அவசரத்தில் மாறும், இயர்டிப் மாறினால் ஒருவர் காதுச் சீழ் இன்னொருவருக்கு வரும்.

வீட்டுக் குழந்தைக்கு அது விளையாட்டுச் சாமானாகத்தான் தெரியும். அப்பா காதில் மாட்டியிருக்கும்போது டயஃப்ரத்தில் வாய் வைத்துக் கத்துவது காதுக்கு நல்லதல்ல. கழன்று வரும் இயர்டிப் குழந்தையின் தொண்டையில் அடைக்கும் அளவுதான். எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். பரிசோதிக்கும்போது தாயின் மடியில், சட்டையைக் கழற்றும் முன்பே அதற்கு அடியில் வைத்து, அமைதியாக இருக்கிற அந்த ஒரு நிமிடத்தில் இதயத்தைக் கேட்டுவிட வேண்டும். அழ ஆரம்பித்தால் இரண்டு அழுகைக்கு நடுவில் இழுக்கும் நீண்ட மூச்சில் நுரையீரலைக் கேட்கலாம். பச்சிளங்குழந்தைக்கு 3.3 பக்கமும் பெரிது, அதற்கென்று இருக்கும் இன்ஃபன்ட் மாடல்தான் சரி.

சொந்தக் குழந்தைக்கு நடுராத்திரி இருமல் என்றால் கை முதலில் ஸ்டெத்தைத் தேடும். அதற்கு முன் ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் கீழே 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டால், நெஞ்சு சுத்தமாகக் கேட்டாலும் அதை வேகமூச்சு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்துமா குழந்தைக்கு ராங்கை (விசில் போன்ற மூச்சொலி) திடீரென்று கேட்காமல் போய், குழந்தையும் சோர்ந்திருந்தால் அது குணமாகிவிட்டதன் அடையாளம் என்று எண்ணிவிடாதீர்கள். காற்றே போகவில்லை என்று பொருள், உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். பெற்ற மனம் நல்லதையே கேட்க ஆசைப்படும். அதனால் சொந்தக் குழந்தையின் நெஞ்சை இன்னொரு மருத்துவரிடமும் கேட்கச் சொல்வதே நல்லது.

பெற்றோருக்கு வயதாகும்போது வீட்டு ஸ்டெத்துக்கு மறுபடி மதிப்பு வரும். தினசரி பி.பி.-க்கு மேல்கையில் சுற்றும் டிஜிட்டல் கருவி போதும். ஆனால் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஒழுங்கற்ற இதயத் துடிப்பு) இருந்தால் டிஜிட்டல் கருவி ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண் காட்டும். அங்கே ஸ்டெத் வைத்து மூன்று முறை பார்த்துச் சராசரி எடுப்பதே நம்பகமானது. நாடியை எண்ணும்போதும் மணிக்கட்டோடு நிறுத்தாமல், மார்பில் ஸ்டெத் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். சில துடிப்புகள் மணிக்கட்டு வரை வந்து சேராது.

இனி ஆயுள். அமெரிக்காவில் கிளாசிக் 3-க்கு ஐந்து வருட உத்தரவாதம் தருகிறார்கள். நம்மூரில் வாங்கும்போது பெட்டிக்குள் இருக்கும் அட்டையைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். உலோகப் பாகம் தலைமுறைக்கும் நிற்கும். முதலில் போவது ட்யூப். கழுத்துத் தோலின் எண்ணெயும் வேர்வையும் தொடர்ந்து படும்போது ட்யூப் விறைத்து, பிறகு வெடிக்கும். சட்டைக் காலருக்கு மேலே போட்டாலே ஆயுள் கூடும். சித்திரை வெயிலில் காருக்குள் டாஷ்போர்டு மேல் விட்டுப் போவது, பாக்கெட்டில் மடக்கித் திணிப்பது, கைக்குப் போடும் சானிடைசரால் துடைப்பது, தண்ணீரில் ஊறப்போடுவது, ஆட்டோகிளேவில் வைப்பது எல்லாமே அதைக் கொல்லும். ட்யூபை மெல்ல வளைத்துப் பார்த்தால், தண்டு நுழையும் இடத்திலும் இரண்டாகப் பிரியும் கவட்டையிலும் விரிசல் முதலில் தெரியும். விரிசல் விட்டால் டேப் சுற்றிக் காலம் தள்ள வேண்டாம். டயஃப்ரம், வளையம், இயர்டிப் மட்டும் என்றால் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம், ஒரு ஜோடி இயர்டிப் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

விலை இப்போது பத்தாயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது. பாதி விலைக்குக் கிடைத்தால் பெரும்பாலும் போலி. செஸ்ட்பீஸில் பொறித்த சீரியல் எண் இருக்கிறதா, எழுத்து வெட்டு சுத்தமாக இருக்கிறதா, ட்யூப் பிளாஸ்டிக் வாடை வீசாமல் குழைவாக இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவக் கல்லூரி வாசலில் உள்ள பழைய சர்ஜிக்கல்ஸ் கடையில் பில்லோடு வாங்குவது, பெயர் தெரியாத விற்பனையாளரிடம் இணையத்தில் வாங்குவதைவிடப் பாதுகாப்பு. பெயர் பொறிப்பதானால் ட்யூபில் வேண்டாம், கழற்றி மாட்டும் பெயர்ப்பட்டையில் பொறித்துக்கொள்ளலாம்.

ஐம்பதைத் தாண்டிய மருத்துவர்கள் கேட்கும் கேள்வி வேறு: காது மந்தமாகிவிட்டால்? வயதால் முதலில் குறைவது உயர்ந்த சுருதி. இதய ஒலிகள் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதால் பல வருடம் பிழைத்துவிடும். மெல்லிய கிரெப்ஸும் ராங்கையும் தப்பத் தொடங்குவதுதான் முதல் அறிகுறி. அப்போது காதை ஒரு முறை ஆடியோகிராம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒலியைப் பெருக்கும் மின்னணு ஸ்டெத்துக்கு மாறலாம். லிட்மனின் கோர் டிஜிட்டல் மாடல் 40 மடங்கு வரை பெருக்கும், செல்ஃபோனில் பதிவும் செய்யும். அதற்கு சார்ஜ் போட வேண்டும். பாதி ரவுண்ட்ஸில் சார்ஜ் தீர்ந்துபோனால் எடுத்துக் கேட்க, மேஜை டிராயரில் கிளாசிக் 3 இருக்கட்டும்.